முதல் டிரிப் இல்லாத காலை

வணக்கம் ஐயா,

அரசுப் பேருந்தில் 31 வருடம் கண்டக்டராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் தருமபுரி – பென்னாகரம் ரூட்தான். ரிட்டயர்டு ஆகி இரண்டு வருடம் ஆகிறது, வயது 62. பென்ஷன் வருகிறது, கடன் இல்லை, மகன் ஓசூரில் நல்ல கம்பெனியில் இருக்கிறான். பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் நன்றாக இல்லை.

விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முதல் டிரிப்புக்கு எழுந்த பழக்கம். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். சாப்பாடு பிடிப்பதில்லை. மகன் வீட்டுக்குப் போனால், "நீங்க சும்மா உக்காருங்கப்பா" என்று ஒரு டம்ளரைக்கூட எடுக்க விடுவதில்லை. பத்தாம் நாள் ஊருக்குத் திரும்பிவிடுகிறேன். இங்கே என் மனைவிக்கு மகளிர் குழு, கூட்டம், பேங்க் என்று எப்போதும் ஓட்டம். என்னைக் கவனிக்க நேரம் இல்லை. காதும் மந்தமாகிவிட்டது. நாலு பேர் பேசும் இடத்தில் பாதி புரியாமல் சிரித்து வைக்கிறேன். கல்யாணம் காட்சிக்குப் போவதையே விட்டுவிட்டேன். டெப்போவில் கூட இருந்தவர்களில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன், ஏழாவது படிக்கிறான், கணக்கு சொல்லித் தரச் சொல்லி வந்தான். எனக்கு எங்கே வரும், டியூஷனுக்குப் போடா என்று அனுப்பிவிட்டேன்.

அறுபதாம் கல்யாணத்தில் நூறு வயசு இருக்கணும் என்று வாழ்த்தினார்கள். இருந்து என்ன ஆகப்போகிறது என்று இப்போது தோன்றுகிறது. வயதானால் எல்லோருக்கும் இப்படித்தானா? பெயர் போட வேண்டாம்.

---

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இல்லை, வயதானால் எல்லோருக்கும் இப்படி இல்லை. மூன்றரை மணி விழிப்பு பழக்கமாக இருக்கலாம். சாப்பாடு பிடிக்காததும், இருந்து என்ன என்ற நினைப்பும் பழக்கம் இல்லை. இவை சேர்ந்து வாரக்கணக்கில் நிற்கின்றன என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வயதானவர்களின் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளியே தெரிவதில்லை. பசியின்மை, உடம்பு வலி, எதிலும் ஒட்டாத தன்மை என்று வரும். வீட்டில் இருப்பவர்களும் "வயசாச்சு" என்று விட்டுவிடுவார்கள். அது சிகிச்சைக்குக் கேட்கிற நோய். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே போய்விட்டு வாருங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, அரசின் மனநல உதவி எண் அது. இலவசம், தமிழில் பேசலாம். திண்ணையில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்கும் மூன்றரை மணிக்கும் எடுப்பார்கள்.

மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணிடமும் தூக்கம் வராததைச் சொல்லுங்கள். இப்படி வீட்டுக்கே வந்து மாத்திரை தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷரும் சர்க்கரையும் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

சரி, இனி மற்றதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தார். நான் அவருக்குச் செய்த ஒரு தவறும் ஞாபகம் வந்தது.

அப்பா சந்தூர் பக்கம் மாங்கன்று ஒட்டுக்கட்டியவர். நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, செந்தூராவோ மல்கோவாவோ நல்ல மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவி அதில் இறக்கி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். சீவிய இடம் காய்வதற்குள் கட்டி முடிக்க வேண்டும். அவர் கட்டினால் தவறாமல் பிடிக்கும். 71 வயதில் முழங்கால் வலி என்றார். அண்ணனும் நானும் பேசி அவரை நிறுத்தினோம். மாட்டையும் விற்றோம். நீங்க பட்டதெல்லாம் போதும் என்றோம். அன்பினால்தான் செய்தோம்.

ஆறு மாதத்தில் அவர் பேச்சு குறைந்துபோயிற்று. கேட்டதற்கு மட்டும் பதில். ஒரே வேட்டியோடு மூன்று நாள் இருப்பார். எங்களுக்குப் புரியவில்லை. நர்சரி வைத்திருந்த ஒருவர்தான் ஒருநாள் வந்து, "கட்டறதுக்குப் பசங்க இருக்காங்க, ஆனா கட்டினது பாதி பிடிக்க மாட்டேங்குது, வந்து பாத்துச் சொல்லுங்க பெரியப்பா" என்று கூட்டிக்கொண்டு போனார். வாரத்துக்கு மூன்று நாள், முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். முழங்கால் வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அது கடைசிவரை இருந்தது. ஆனால் அந்த மூன்று நாளும் விடியும்போதே குளித்து, சலவை வேட்டி கட்டி, வாசலில் நிற்பார்.

எங்களிடம் அவருக்கு எல்லாம் கிடைத்தது. ஆனால் அவர் போகாவிட்டால் நிற்கிற வேலை என்று ஒன்றும் இல்லை.

எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1976-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லம். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், இங்கே உங்கள் விருப்பப்படி முடிவெடுங்கள் என்று சொல்லி, ஒரு செடியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றுவது அவர்கள் பொறுப்பு. இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கிடைத்தது, ஆனால் நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. சில வாரங்களில் முதல் மாடிக்காரர்கள்தான் அதிகச் சுறுசுறுப்போடும் சந்தோஷத்தோடும் இருந்தார்கள். உங்கள் மகன் எடுக்க விடாத அந்த டம்ளரைப் பற்றிப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் செய்ததைத்தான் அவனும் செய்கிறான். அடுத்த முறை போகும்போது பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றுவதோ, காய்கறி வாங்கி வருவதோ, ஏதாவது ஒன்றை என் வேலை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உதவியாக இல்லை, உங்கள் பொறுப்பாகவே.

உங்கள் மனைவி விஷயத்தில் நான் அவர் பக்கம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது 1989-ல், தருமபுரி மாவட்டத்தில்தான். ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் உதவி செய்தது. கிருஷ்ணகிரி அப்போது உங்களோடுதான் இருந்தது, 2004-ல்தான் தனி மாவட்டம் ஆனது. அன்றைக்குக் கைக்குழந்தையோடு கூட்டத்துக்குப் போன பெண்கள் இன்றைக்கு அறுபதைத் தொட்டும் தாண்டியும் இருக்கிறார்கள். ஆண்கள் நாம் அதை லோன் வாங்குகிற இடமாக மட்டும் பார்த்தோம். எங்கள் தெருவில் ஒரு அம்மா இரண்டு கூட்டத்துக்குப் போகவில்லை என்றால் மூன்றாவது நாள் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். உடம்புக்கு என்ன, மருமகள் ஏதாவது சொன்னாளா என்று கேட்பார்கள். இத்தனை வருடமாகச் சந்தாவோடு சேர்த்து அவர்கள் இதையும் சேமித்திருக்கிறார்கள். உங்களுக்கும் எனக்கும் அப்படி ஒன்று இல்லை. உங்களைத் தினமும் எதிர்பார்த்து நின்றவர்கள் ரோட்டோரம் நின்றார்கள், டூட்டி முடிந்த அன்றே அவர்களும் போய்விட்டார்கள். அவருக்கு உங்களைக் கவனிக்க நேரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டம் எப்படிப் போயிற்று என்று ஒருநாள் அவரிடம் கேட்டுப் பாருங்கள். குழுவின் கணக்கு நோட்டைக் கூட்டிப் பார்க்க ஆள் தேவைப்படலாம்.

கல்யாணத்துக்குப் போகப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் நான் பெரிதாக எடுக்க மாட்டேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் பல வருடம் ஆராய்ந்து சொன்னது இது: இருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் வட்டத்தைத் தாங்களாகவே சுருக்கிக்கொண்டு, மனசுக்கு நெருக்கமானவர்களோடு இருக்கவே விரும்புவார்கள். ஆயிரம் பேர் பந்தியை விட்டு இரண்டு பேரோடு டீ குடிப்பது நஷ்டம் இல்லை. ஆனால் நீங்கள் விட்டது பிடிக்காமலா, காது கேட்காமலா என்று யோசியுங்கள். 31 வருடம் இன்ஜின் சத்தத்திலும் விசிலிலும் இருந்த காது. அதைக் காட்ட வெட்கப்பட வேண்டாம். கேட்காத காது ஆளைத் தனிமையில் தள்ளும், சரி செய்யாமல் விட்டால் மறதி நோய்க்கான ஆபத்தையும் கூட்டும் என்று மருத்துவர்கள் இப்போது சொல்கிறார்கள். மனநலப் பிரிவுக்குப் போகிற அன்றே காது டாக்டரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் அந்த நூறு வயது. உங்கள் தகடூர் மண்ணின் கதை உங்களுக்குத் தெரியும், அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி. சாவைத் தள்ளிவைக்கும் கனி என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அதே அதியமான் போரில் செத்தபோது, கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்று ஔவை அழுது பாடியதும் புறநானூற்றில் இருக்கிறது. நீண்ட ஆயுளைக் கொடுத்தவனையே இழந்து வாழ வேண்டியிருந்தது. உங்கள் டெப்போ நண்பர்கள் மூன்று பேரைப் பற்றி ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அவர்களோடு ஓட்டிய டிரிப்புகளை, நைட் ஹால்ட்டில் பேசியதை யாரிடமாவது சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொன்னால் இன்னும் நல்லது. அவர்களுக்கும் அதைக் கேட்க வேண்டியிருக்கும்.

இனி அந்தப் பையன். கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். நடுவயதுக்கு அவர் வைத்த கேள்வி, பின்னால் வருகிறவர்களுக்கு எதையாவது கொடுக்கிறாயா, இல்லை உனக்குள்ளேயே தேங்கிவிடுகிறாயா என்பது. முதுமைக்கு வைத்தது, வாழ்ந்ததைக் கசப்பில்லாமல் திரும்பிப் பார்க்க முடிகிறதா என்பது. முதல் கேள்வி அறுபதோடு முடிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. முதலாவதற்குப் பதில் இருந்தால்தான் இரண்டாவதற்கும் பதில் வருகிறது என்பது அப்பாவைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது.

எனக்கு எங்கே கணக்கு வரும் என்கிறீர்கள். பஸ் குலுங்கக் குலுங்க, ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூன்று முழு டிக்கெட், இரண்டு அரை டிக்கெட், ஐந்நூறு ரூபாய்க்குப் பாக்கி எவ்வளவு என்று இத்தனை வருடம் மனசுக்குள்ளேயே போட்டவர் நீங்கள். காகிதம் இல்லாமல் அப்படிப் போட அந்தப் பையனுக்குச் சொல்லித்தர டியூஷன் சென்டரில் ஆள் இல்லை. ஒருமுறை வாசலோடு அனுப்பப்பட்ட பிள்ளை தானாகத் திரும்பி வரமாட்டான். நீங்கள்தான் போய்க் கூப்பிட வேண்டும். திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் ஆறு மணி என்று நேரம் சொல்லிக் கூப்பிடுங்கள்.

டாக்டர் என்ன சொன்னார், பையன் வந்தானா என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதி வரை பார்ப்பேன். கடிதம் வரவில்லை என்றால் தருமபுரி வந்து பென்னாகரம் பஸ் ஏறிவிடுவேன். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் உங்களைச் சொல்லிக் கேட்டால் தெரியாமலா போகும்?