ஆலை மூடிய ஊரில் வேலை கூடியது எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் நான்கு அறைகள் கட்டி, ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டு வருகிறேன். இங்கிருந்த நோக்கியா கைபேசி ஆலை மூடப்பட்டபோது நான்கும் காலியாகிவிட்டன. இப்போது எல்லா அறைகளிலும் ஆள் இருக்கிறது. ஆனால், அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போன பிள்ளைகளில் ஒருத்திகூடத் திரும்பி வரவில்லை. சென்னை வட்டாரத்தில் ஆண்டுதோறும் வேலைவாய்ப்பு கூடுகிறது என்று படிக்கிறேன். எந்தக் கணக்கை நம்புவது?
– ஒரு வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: அம்மா, நீங்கள் மாடியில் கண்டதும் உண்மை, செய்தியில் படித்ததும் உண்மையாக இருக்கலாம். ஆண்டுக் கணக்காக அச்சில் வருவது கூட்டிக் கழித்த பிறகு மிஞ்சும் எண் மட்டுமே. ஒரு துறையில் 10,000 பேர் வேலை இழந்து இன்னொரு துறையில் 12,000 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். '2,000 வேலைகள் கூடின' என்று ஒரே வரியில் அது முடிந்துவிடும். வேலை இழந்த 10,000 பேரில் எத்தனை பேர் அந்த 12,000 பேருக்குள் இருக்கிறார்கள் என்பதை அந்த வரி சொல்வதில்லை. உங்கள் கேள்வியோ அவர்களைப் பற்றியது.

நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அதில் நேரடியாக வேலை பார்த்தார்கள். நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வருமான வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை கைமாற முடியாமல் நின்றது; 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றுபோனது. அதே வளாகத்தைச் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்ற அறிவிப்பு 2019-இல்தான் வந்தது. கணக்கேட்டில் பார்த்தால் ஒரு பள்ளம், ஐந்து ஆண்டு கழித்து ஒரு மேடு. ஆனால் பிளஸ் டூ முடித்த கையோடு லைனில் நின்ற பெண்ணுக்கு அந்த ஐந்து ஆண்டுகளில் திருமணம் நடந்திருக்கும், குழந்தை பிறந்திருக்கும், ஊர் மாறியிருக்கும். புதிய ஆலைகள் தேடுவதோ பெரும்பாலும் இப்போதுதான் படிப்பை முடித்து வரும் இளம்பெண்களை. உங்கள் அறைகள் நிரம்பியும் பழைய முகங்கள் திரும்பாமல் போனதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். வளர்ச்சி என்ற சொல்லால் இந்த இழப்பை மூடிவிடக் கூடாது.

பலரும் கவனிக்காத இன்னொரு செய்தி, எல்லை. நோக்கியா மூடப்பட்ட காலத்தில் சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் அதற்கு வெளியே இருந்தது. எனவே அந்த எல்லைக்குள் மட்டும் எண்ணிய கணக்கில், சென்னையே பேசிய அந்த மூடல் பதிவாகியிருக்காது. 2022 அக்டோபரில் அந்த எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'வளர்ச்சி' என்று யாரேனும் காட்டினால், எந்த எல்லைக்குள் எண்ணினார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: என் மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறான். துறைவாரிப் பட்டியல்களில் சேவைத் துறைதான் ஏறுமுகத்தில் இருக்கிறது. அவன் ஆலை வேலையை விட்டுவிட்டு வேறு படிப்பில் சேருவது நல்லதா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: பட்டியலை மட்டும் பார்த்து அந்த முடிவுக்கு வர வேண்டாம். ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சட்டை கார் கம்பெனியுடையதாக இருக்கும். கழுத்தில் தொங்கும் அட்டையைத் திருப்பினால், பலருக்கும் அதில் இருப்பது ஆள் அனுப்பும் காண்ட்ராக்ட் நிறுவனத்தின் பெயர். அவருடைய பி.எஃப். அந்த நிறுவனத்தின் பெயரிலேயே செலுத்தப்படுகிறது. வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2018 முதல் மாதந்தோறும் வெளியிடும் புள்ளிவிவரத்தில், ஆள் அனுப்பும் நிறுவனங்களும் செக்யூரிட்டி நிறுவனங்களும் 'நிபுணத்துவச் சேவைகள்' என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. புதிய சேர்க்கையில் பெரும் பங்கு அந்தத் தலைப்புக்கே போகிறது. ஆக, காரின் கதவைப் பொருத்தும் தொழிலாளி ஒருவர், பட்டியலில் சேவைத் துறையின் வளர்ச்சியாகத் தோன்ற முடியும். நேற்று வரை பி.எஃப். இல்லாமல் வேலை செய்தவரை இன்று பதிவு செய்தாலும் அது புதிய சேர்க்கையாகவே வரும். பதிவு நல்லதுதான், ஆனால் அங்கே புதிதாக வேலை எதுவும் உருவாகவில்லை.

சேவைத் துறை உண்மையாகவே வளர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022-இல் கடைசிக் கார் வெளிவந்தது. ஆனால் தமிழ்நாட்டில் உள்ள தன் அலுவலகப் பணிகளில் 12,000 பேர் இருப்பதாகவும், அவர்களின் எண்ணிக்கை இன்னும் கூடும் என்றும் அதே நிறுவனம் 2024-இல் தெரிவித்தது. ஒரே நிறுவனம் ஒரு வரிசையில் இறக்கமாகவும் இன்னொரு வரிசையில் ஏற்றமாகவும் நிற்கிறது. பாடி ஷாப்பில் வெல்டிங் செய்தவர் மறுநாள் அந்த அலுவலகத்தில் போய் உட்கார முடியாது என்பதுதான் இதில் வலிக்கும் இடம்.

விழுக்காட்டைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 200 பேர் இருந்த துறை 300 ஆனால் 50 விழுக்காடு. 1,00,000 பேர் இருந்த துறை 1,03,000 ஆனால் 3 விழுக்காடுதான். வேலை கிடைக்கும் வாசல் எது என்று பார்த்தால் இரண்டாவதுதான் பெரியது. 2020-இல் ஊரடங்கால் படுத்துப்போன ஓட்டல் தொழிலை அடுத்த ஆண்டோடு ஒப்பிட்டால் எழுச்சி போலத் தெரியும். 2019-ஐயும் சேர்த்துப் பார்த்தால்தான் இழந்தது திரும்பியதா என்று விளங்கும்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். மெக்கானிக்கல் படித்த கை எங்கும் வீணாகாது. அவன் எந்தத் துறையில் நிற்கிறான் என்பதைவிட யாருடைய பெயரில் நிற்கிறான் என்பதையே இப்போது பாருங்கள். பி.எஃப். பாஸ்புக்கை அவனோடு உட்கார்ந்து திறந்து, அதில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தால், 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தாலொழிய, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. சென்ற ஆண்டு பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் நிரந்தரமானார்கள் என்று, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வரும் மூத்த தொழிலாளியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு மேற்படிப்பைப் பற்றிப் பேசலாம்.