கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் பிஸ்கட் ஏன் பரவிவிடுகிறது?

ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கிப் போட்டும், பிஸ்கட் ஓவனில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது என்கிறீர்கள். வெண்ணெய் மேல் குற்றமில்லைங்க, வெக்கைதான் காரணம். ஈரோட்டுப் பக்கம் மார்கழிப் பகலிலும் அடுப்படி சூடாகத்தான் இருக்கும். பிசைந்து முடிப்பதற்குள் வெண்ணெய் இளகிவிடும். ஓவனில் மாவு இறுகும் முன்பே அது வழிந்து, பிஸ்கட் அப்பளமாகிவிடும்.

100 கிராம் வெண்ணெய்க்கு 150 கிராம் மைதா, 60 கிராம் பொடித்த சர்க்கரை. உருட்டித் தட்டியதும் தட்டோடு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இதுதான் முக்கியம். அப்புறம், ஏற்கெனவே சூடேற்றிய ஓவனில் 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். ஓரம் சிவந்தால் எடுத்துவிடலாம். நடுவில் தொட்டால் அமுங்கும், பயப்படாதீர்கள். ஆறினால் மொறுமொறுவென்று ஆகிவிடும்.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டால் மணம் தூக்கும். ஆனால் அது ஈரத்தை இழுக்கும், மொறுமொறுப்பு குறையும். நான் பாதிக்குப் பாதி கலப்பேன். கட்டி இல்லாமல் சலித்துவிடுங்கள். போன வருஷம் சோம்பலில் சலிக்காமல் போட்டேன். பிஸ்கட் முழுக்கக் கருப்புப் பொட்டு. அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எறும்பு விழுந்துருச்சா கண்ணு?" என்றார்.