எழுத்தில் ஐந்து, ஒலியில் இரண்டு

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ஆங்கிலத்தில் ‘கியூயிங்’ (queueing) என்ற சொல்லில் ஐந்து உயிரெழுத்துகள் அடுத்தடுத்து வருவதையும், ‘ரிதம்’ (rhythm) என்ற சொல்லில் ஒன்றுகூட இல்லாததையும் காட்டி, உயிரே இல்லாமல் ஒரு சொல்லை எப்படி ஒலிப்பது என்று கேட்கிறாள். என்ன சொல்வது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உயிரொலி இல்லாமல் ஒலிக்க முடியாது, உங்கள் மகள் சரியான இடத்தில்தான் ஐயப்பட்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் உயிரெழுத்து வேறு, உயிரொலி வேறு என்பதால், அங்கே உயிரைக் கண்ணால் எண்ணாமல் காதால் எண்ண வேண்டும்.

‘கியூ’ என்பது வாலைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டில் பின்னித் தொங்கவிட்ட சடைக்கு அப்பெயரை வழங்கினர். ஆட்கள் நிற்கும் வரிசை என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. (வரிசை அனுமார் வால் போல் நீள்கிறது என்று நாமும் சொல்கிறோமே!) பிரெஞ்சு முறைப்படி, முதலிலுள்ள ‘கியூ’ (q) என்ற எழுத்தும் அடுத்த ‘யூ’வும் சேர்ந்து ககர ஒலியாகவும், ‘ஈ, யூ’ இரண்டும் ஒரே உயிராகவும், கடைசி ‘ஈ’ ஒலிக்காமலும் நின்றன. ஆங்கிலம் ஒலிப்பை மாற்றிக்கொண்டு எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டது. ‘இங்’ விகுதியின் ‘ஐ’ சேர்ந்ததும் யூ, ஈ, யூ, ஈ, ஐ என ஐந்து எழுத்துகள் ஆயின. ஒலிப்பதோ இரண்டு உயிர்கள்தாம். விகுதிக்கு முன்னுள்ள ‘ஈ’யை நீக்கி நான்கு உயிரெழுத்துகளோடு எழுதுவதும் சரியே.

‘ரிதம்’ கிரேக்கச் சொல். அதிலிருந்த உயிரெழுத்தை உரோமானியர் ‘ஒய்’ ஆக்கினர். இன்று அந்த ‘ஒய்’தான் இகரமாக ஒலிக்கிறது. இரண்டாவது உயிருக்கு ஆங்கிலத்தில் எழுத்தே கிடையாது. ‘ரித்ம்’ என்று எழுதாமல், தகரத்தில் அகரம் ஏற்றி ‘ரிதம்’ என்று நாம் எழுதுகிறோம் பாருங்கள், ஆங்கில எழுத்து மறைத்த அந்தக் குற்றுயிரை நம் எழுத்து வெளியே காட்டிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

மோவாய்க்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு, ‘எஜுகேஷன்’ என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து உயிரெழுத்துகளும் அதில் இருந்தாலும் தாடை நான்கு முறைதான் இறங்கும். வலிமைகளைக் குறிக்கும் ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்ற சொல்லில் ஒன்பது எழுத்துகள். அவற்றுள் எட்டு மெய், ஒன்றே உயிர். அதற்கு ஒரே ஒரு முறைதான் இறங்கும்.