வலிக்காத நெறிக்கட்டி: டிபி மாத்திரைக்கு முன் சதைச் சோதனை

"என் தம்பிக்கு 24 வயது. இரண்டு மாதமாகக் கழுத்தில் நெறிக்கட்டி, வலி இல்லை. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரியில் வியர்வை. 62 கிலோ இருந்தவன் 55 ஆகிவிட்டான். ஊசியால் எடுத்துச் சோதித்ததில் தெளிவாக இல்லையாம். டிபி மாத்திரை ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். நிணநீர்ப் புற்றுநோயாக இருக்குமோ? செல்போனால் வந்திருக்குமோ?" - வாசகி, திண்டிவனம்

செல்போனால் வந்ததல்ல அம்மா, அந்தக் கவலையை விடுங்கள். லிம்போமா எனப்படும் இந்தப் புற்றுநோயில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களே கட்டுமீறிப் பெருகுகின்றன. சிலருக்கு எப்ஸ்டீன் பார் என்ற வைரஸ், எச்.ஐ.வி., எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவற்றுக்கு இதில் பங்குண்டு. பலருக்குக் காரணம் தெரிவதில்லை. ஒட்டுவாரொட்டி அல்ல, தம்பிக்குத் தனித் தட்டு வைக்காதீர்கள்.

நீங்கள் எழுதிய அத்தனை அறிகுறியும் டிபிக்கும் உண்டு, லிம்போமாவுக்கும் உண்டு. நம் ஊரில் டிபி அதிகம் என்பதால் சோதிக்காமலே மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். லிம்போமா கட்டி சில சமயம் தானாகச் சுருங்கும், காய்ச்சலும் சில நாள் விட்டிருக்கும். "மாத்திரை கேட்கிறது" என்று வீட்டார் நம்புவார்கள். ஆறு மாதம் கழித்து, நோய் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பரவிய பிறகு என்னிடம் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துவிட்டது.

ஊசியில் வருவது கொஞ்சம் செல்கள்தான். ஹாட்ஜ்கின் என்ற லிம்போமா வகையில் நூற்றுக்கணக்கான நல்ல செல்லுக்கு நடுவே ஒன்றிரண்டு கெட்ட செல் ஒளிந்திருக்கும். 'தெளிவாக இல்லை' என்றால் 'இல்லை' என்று பொருளல்ல. ஒரு நெறிக்கட்டியை முழுதாக எடுத்து பயாப்ஸி என்ற சதைச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

அதற்கு முன் யாராவது, உடம்பில் நோய் எங்கெங்கே என்று படமெடுக்கும் பெட் ஸ்கேனுக்கு இழுத்தால் போகாதீர்கள். டிபி கட்டியும் அதில் பளிச்சென்று தெரியும். எது என்று சொல்லாத படத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் "தெரிந்த சென்டர் இருக்கு, கம்மியா முடிச்சுத் தரேன்" என்பவர் கமிஷனுக்கு நிற்கிறவர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் புற்றுநோய் சிகிச்சைக்கு அதில் வழி உண்டு. அரசு மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் நேரே கேளுங்கள்.

காய்ச்சலுக்கென்று ஸ்டீராய்டு போட விடாதீர்கள். கட்டி கரைந்து, பயாப்ஸியில் நோய் பிடிபடாமல் போகும். ஒரே ஒரு விலக்கு: நெஞ்சுக்குள் கட்டி வளர்ந்து மூச்சுக்குழாயையும் பெரிய ரத்தக்குழாயையும் அழுத்தினால் முகம் வீங்கும், மல்லாந்து படுக்க முடியாது. அப்போது உயிர்தான் முதல். டாக்டர் ஸ்டீராய்டு தந்தால் தடுக்காதீர்கள். அதற்கு முன் சதை எடுக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று தம்பியை இன்றே கேளுங்கள். ஆம் என்றால் இந்த இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரிப்போர்ட் தாமதமாகும். எந்த வகை என்று சொல்லும் நிறமேற்றும் சோதனை எல்லா மாவட்டத்திலும் இல்லை. காய்ச்சல்காரனின் அண்ணனோ அக்காவோ, எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷமாகியும் இதைச் சரிசெய்யாதது அநியாயம். அந்த மெழுகுக் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஹாட்ஜ்கின் என்றே வந்தாலும், இந்த வயதில் பெரும்பாலோர் கீமோதெரபி என்ற ஊசி மருந்திலேயே முழுதாகக் குணமாகிறார்கள்.

சதை எடுக்கும் நாளில் மறக்காமல் சொல்லுங்கள்: பெரும்பகுதி, சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில்; சிறு துண்டு, சலைன் என்ற உப்பு நீரில். ஃபார்மலினில் போட்டதில் டிபி கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது.