கிராஃபிக் நாவல் படிப்பதைப் புத்தக வாசிப்பாகக் கணக்கில் சேர்க்கலாமா?

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் மகள் கிராஃபிக் நாவல்களை, அதாவது புத்தக நீளத்துக்கு வரும் காமிக்ஸைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. பள்ளி வாசிப்புக் குறிப்பேட்டில் அவற்றை எழுத ஆசிரியர் ஒப்பவில்லை. இவை உண்மையான புத்தகங்கள்தானா, இல்லை வலிந்து உரைநடைக்கு மாற்ற வேண்டுமா?

சேர்க்கலாம், தயக்கமே வேண்டாம். நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று: அவள் அதில் உள்ள எழுத்தைப் படிக்கிறாளா, படத்தை மட்டும் புரட்டிக்கொண்டு போகிறாளா?

ஆசிரியரிடம் பேச ஒரு பிடி வேண்டுமென்றால் விருதுகளைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கு 1922 முதல் நியூபெரி பதக்கம் தருகிறார்கள். 2020இல் ஜெர்ரி கிராஃப்டின் ‘நியூ கிட்’ அதை வாங்கியது. ஒரு கிராஃபிக் நாவலுக்கு அந்தப் பதக்கம் போனது அதுவே முதல் முறை. 2016இல் ‘மார்ச்’ என்ற கிராஃபிக் நாவலின் மூன்றாம் பாகம் இளையோருக்கான தேசியப் புத்தக விருது பெற்றது. அதற்கும் முன்பே, 1992இல், ஆர்ட் ஸ்பீகல்மேனின் ‘மௌஸ்’ புலிட்சர் சிறப்பு விருது பெற்றுவிட்டது. (இதைக் கேட்டுவிட்டு ஒன்பது வயதுக் குழந்தைக்கு ‘மௌஸ்’ வாங்கிவிடாதீர்கள். அது யூத இன அழிப்பைப் பற்றியது. படம் இருப்பதாலேயே எதுவும் சிறுவர் நூல் ஆகிவிடாது.)

விருதைவிட உதவக்கூடியது சொல்வளக் கணக்கு. ஹேய்ஸ், ஆரன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் ஆங்கிலத்தில் பலவகை எழுத்தையும் பேச்சையும் எடுத்து, ஆயிரம் சொல்லுக்கு எத்தனை அரிய சொற்கள் வருகின்றன என்று எண்ணினார்கள். சிறுவர் நூல்களில் 30.9. காமிக்ஸில் 53.5. பெரியவர்களுக்கான நூல்களில் 52.7. படித்த பெரியவர்களின் பேச்சில் வெறும் 17.3. அவர்கள் எண்ணியது அந்தக் காலத்துக் காமிக்ஸை. இன்று ஏழெட்டு வயதினருக்கு வரும் பல வண்ணப் புத்தகங்களில் சொற்கள் அதைவிட எளியவை, எண்ணிக்கையிலும் குறைவு. ஆகவே இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பொருத்தக் கூடாது. ஆனாலும் ‘படக்கதையில் மொழி வளராது’ என்ற பேச்சுக்கு இது போதுமான பதில்.

இன்னொரு குழப்பமும் உண்டு. படமுள்ள கதை வேறு, படக்கதை வேறு. கல்கியில் 1950 முதல் தொடராக வந்த பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்தார். அந்தப் படங்களை எடுத்துவிட்டு அச்சிட்டாலும் கதை நிற்கிறது, அப்படித்தான் இன்று பலர் படிக்கிறார்கள். காமிக்ஸில் படத்தை எடுத்தால் கதையே இல்லை. பாதிச் செய்தி கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் நான்கு கட்டங்கள் என்று வையுங்கள். முதல் கட்டத்தில் திண்ணை விளிம்பில் தயிர்ச்சட்டி. இரண்டாவதில் பூனையின் வால். மூன்றாவதில் படமே இல்லை, பெரிய எழுத்தில் ‘டமால்’. நான்காவதில் துடைப்பத்தோடு பாட்டி, எதிரே தலைகுனிந்து நிற்கும் பேரன். சட்டி விழுந்ததும் உடைந்ததும் எங்கும் வரையப்படவில்லை, பழி யார்மேல் விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை. அத்தனையையும் படிப்பவர்தான் கட்டிக்கொள்ள வேண்டும். உரைநடையில் ‘சொல்லாமல் விட்டதை ஊகித்தறிக’ என்று தேர்வில் கேட்பதும் இதே திறனைத்தான். இது தானாக வந்துவிடுவதும் இல்லை. காமிக்ஸ் பழகாத பெரியவர்கள் எந்தக் கட்டத்துக்குப் பின் எது என்று தடுமாறுவதை எளிதில் பார்க்கலாம்.

சரி, காமிக்ஸ் தராதது என்ன? நீண்ட வாக்கியம். தமிழில் இது கூடுதலாக உறுத்தும், ஏனென்றால் நம் வினைமுற்று கடைசியில் வருகிறது. ‘மழை விட்டதும் கடைக்குப் போகச் சொல்லி அம்மா கொடுத்த பையை வழியில் தொலைத்துவிட்ட தம்பியைத் தேடி அக்கா வந்தாள்’ என்ற வாக்கியத்தில் பையையும் தம்பியையும் மனத்தில் பிடித்துக்கொண்டே கடைசிவரை போனால்தான் வந்தது அக்கா என்று தெரியும். பாத்திரம் பேசுவதை எழுதும் பேச்சுக்குமிழில் இவ்வளவு நீண்ட வாக்கியம் அரிதாகவே வரும். எனவே இந்தப் பயிற்சி அங்கே கிடைக்காது. அதற்காகக் காமிக்ஸைப் பிடுங்க வேண்டியதில்லை. படுக்கப் போகும் முன் பத்து நிமிடம் நீங்கள் உரைநடையை உரக்கப் படித்துக் காட்டினால் பெருமளவு சரியாகிவிடும். நீண்ட வாக்கியம் முதலில் காதுக்குப் பழகினால் பிறகு கண்ணுக்கு எளிது.

இனி, அவள் எழுத்தைப் படிக்கிறாளா என்ற அந்த முதல் கேள்விக்கு வருவோம். அவள் இதுவரை திறக்காத ஒரு பக்கத்தை நீங்கள் சாதாரண வேகத்தில் மனத்துக்குள் படித்து நேரம் பாருங்கள். பிறகு அவளிடம் கொடுங்கள். நீங்கள் எடுத்த நேரத்தில் பாதிகூட எடுக்காமல் பக்கத்தைத் திருப்பினால் எழுத்தை விட்டுவிட்டாள் என்று பொருள். ஒரு தடவை அப்படி நடந்தால் பதற வேண்டாம். முதல் சுற்றில் படத்தை ஓட்டிவிட்டு, இரண்டாம் சுற்றில் எழுத்துக்கு வரும் பிள்ளைகள் நிறைய. மூன்றாம் சுற்றிலும் அதே வேகம் என்றால்தான் சிக்கல். அப்போது ஒரு பக்கத்தின் குமிழ்களை மட்டும், எடுத்தால் பக்கத்தில் பிசின் தங்காத ஒட்டுத்தாளால் மறைத்துவிட்டு, ‘இவன் என்ன சொல்லியிருப்பான்?’ என்று கேளுங்கள். பதில் வந்ததும் தாளை எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். விளையாட்டாகவே குமிழைப் படிக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

எழுத்தைத் தவிர்ப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை. அதே மொழியில், அவள் வகுப்புக்கான உரைநடையில் நூறு சொல் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பத்துக்கு மேல் தடுக்கினால் எழுத்துக்கூட்டுவதிலேயே சிரமம் இருக்கிறது. காமிக்ஸை நிறுத்தினால் அது தீராது, இருக்கும் ஒரே வாசிப்பும் போய்விடும். ஆசிரியரிடம் பேச வேண்டிய விஷயம் அதுதான். ஆங்கிலக் காமிக்ஸில் இன்னொரு தொல்லை: பல தொடர்களில் எல்லாமே ABC என்ற பெரிய எழுத்திலேயே இருக்கும். abc என்ற சிறிய எழுத்தில் படித்துப் பழகிவரும் பிள்ளைகள் அங்கே தயங்குவார்கள்.

தமிழ் மொழிபெயர்ப்புகளில் சிக்கல் வேறு மாதிரி. குமிழ் வரையப்பட்டது பிரெஞ்சுக்கோ இத்தாலியனுக்கோ ஆங்கிலத்துக்கோ. அந்த இடத்தில் ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒற்றைச் சொல் வந்து உட்கார வேண்டும். ஒன்று எழுத்தளவு சிறுக்கும், இல்லை சொல் உடைந்து ‘போய்க்கொண்டி’ ஒரு வரியிலும் ‘ருக்கிறார்கள்’ அடுத்த வரியிலும் விழும். சரளமாகப் படிப்பவருக்கு இது கண்ணில்கூடப் படாது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை அந்த இடத்தில் நின்றுவிடும். வாங்கும் முன் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, இப்படி உடைந்த சொற்கள் அடுத்தடுத்து வருகின்றனவா என்று பாருங்கள். பக்கத்துக்கு ஆறு கட்டத்துக்குள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாத கட்டங்களாக இருந்தால் இந்த வயதுக்கு நல்லது. ஜப்பானியக் காமிக்ஸான மங்கா என்றால் வலமிருந்து இடம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நகைச்சுவை எல்லாம் தலைகீழாக வந்து, புரியவில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவாள்.

குறிப்பேட்டுப் பிரச்சினைக்கு என் யோசனை: பக்கக் கணக்கை விட்டுவிட்டு நிமிடக் கணக்குக்கு மாறச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். பக்கத்தை எண்ணும்வரை அவர் மறுப்பதிலும் நியாயம் இருக்கிறது. 200 பக்கக் கிராஃபிக் நாவல் ஒரே மாலையில் முடிந்துவிடும், அதே தடிமன் உரைநடை ஒரு வாரம் இழுக்கும். இருபது நிமிடம் எதைப் படித்தாலும் இருபது நிமிடம்தான் என்றால் யாருக்கும் குறை வராது. கூடவே, ‘இந்தப் பக்கத்தில் முகம் மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக வரையப்பட்டிருக்கிறது?’ என்பதுபோல ஒரே ஒரு கேள்விக்கு இரண்டு வரி எழுதச் சொல்லலாம். ‘ஒரு காமிக்ஸ் படித்தால் ஒரு கதைப்புத்தகம் படிக்க வேண்டும்’ என்ற பேரம் மட்டும் வேண்டாம். உரைநடை தண்டனை என்று அவள் மனத்தில் பதிய அதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

தமிழில் எங்கே தொடங்கலாம்? ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுவிட்டது, பழைய புத்தகக் கடைகளில் தேடினால் கிடைக்கலாம். சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் வந்த லயனும் இன்றும் வெளிவருகின்றன. பெரும்பாலும் சந்தாவிலும் புத்தகக் காட்சிகளிலும்தான் கிடைக்கும், தெருமுனைக் கடையில் எதிர்பார்க்காதீர்கள். அவற்றில் துப்பாக்கிச் சண்டையும் கொலையும் நிறைந்த பெரியவர்களுக்கான தொடர்கள் நிறைய என்பதால், அட்டையை நம்பாமல் உள்ளே புரட்டிப் பார்த்து வாங்குங்கள். இந்த வயதுக்கு லக்கி லூக் போன்ற நகைச்சுவைத் தொடர்கள் பொருந்தும்.