மேப் போடும் படிப்புக்குப் பணம் கட்டும் முன்

மறையூரிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகள் சாட்டிலைட் மேப் படிப்புதான் வேண்டும் என்று நிற்கிறாள், இதில் சோறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் மேப்புக்கு வண்ணம் தீட்ட மட்டும் தெரிந்தால் கோடு இழுக்கும் டிஜிட்டைசிங் வேலையோடு நின்றுவிடும். எந்த இன்ஸ்டிடியூட்டிலும் இப்போது பணம் கட்ட வேண்டாம். இந்த லீவில் உங்கள் மலையையே மேப்பாகப் போட்டுப் பார்க்கட்டும். மேப் போடும் மென்பொருள் கியூஜிஐஎஸ் இலவசம், 8 ஜிபி ராம் லேப்டாப் போதும்.

நிலத்தின் உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம் என்ற தரவு, அமெரிக்காவின் எர்த் எக்ஸ்ப்ளோரர் இணையதளத்தில் கிடைக்கும். 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்தது, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. வடக்கு 10, கிழக்கு 77 டைலில் (ஒரு டிகிரிச் சதுரத் துண்டில்) மறையூர், மூணாறு, ஆனைமுடி மூன்றும் அடங்கிவிடும். இறக்கிய கையோடு ஹில்ஷேடு, அதாவது ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழுவதுபோல் மலைக்கு நிழல் தீட்டும் படம், போட்டால் கறுப்பும் வெள்ளையுமாகச் சிதறும். நீள அகலம் டிகிரியில், உயரம் மீட்டரில் இருப்பதால் மேடெல்லாம் செங்குத்தாகிவிடும். முதலில் எல்லாம் மீட்டரிலேயே இருக்கும் யுடிஎம் 43 வடக்கு என்ற அளவு முறைக்கு மாற்ற வேண்டும். அதையும் பக்கத்துப் புள்ளியின் மதிப்பை அப்படியே எடுக்கும் ‘நியரஸ்ட் நெய்பர்’ முறையில் செய்தால் சரிவில் கோடு கோடாகத் தெரியும், சுற்றியுள்ள புள்ளிகளைச் சராசரியாக்கும் ‘பைலீனியர்’ நல்லது. பிறகு ஹில்ஷேடில் வெளிச்சத் திசை 315 டிகிரி (வடமேற்கு), சூரிய உயரம் 45 டிகிரி.

அதோடு சேர்க்க, ஒரு புள்ளி 10 மீட்டராக உள்ள சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படம். சிக்கலே இங்கேதான். செயற்கைக்கோள் காலை பத்தரை வாக்கில் கடக்கிறது. ஜனவரியில் அப்போது சூரியன் தென்கிழக்கில், நிழல் வடமேற்கே விழும். நாம் போட்ட ஹில்ஷேடிலோ வெளிச்சமே வடமேற்கிலிருந்து. ஒரே சரிவு ஒன்றில் வெளுப்பு, இன்னொன்றில் இருட்டு. இரண்டும் கலந்து படம் சேறாகிவிடும். ஹில்ஷேடைத் தென்கிழக்குக்குத் திருப்பினால் வேறு தொல்லை: படத்தின் மேல்பக்கமிருந்து ஒளி விழுந்தே பழகிய கண்ணுக்குப் பள்ளம் மேடாகத் தெரியும். நிழல் குட்டையான, மேகம் குறைந்த மார்ச் படத்தை எடுத்து, ஹில்ஷேடை ‘மல்டிப்ளை’ என்ற கலக்கும் முறையில் 40 சதவீத அளவில் வைத்தால் அடங்கும். இந்த முரண் மகளின் கண்ணில் தானாகப் பட்டு, ஏன் என்று தோண்டினால் தாராளமாகப் படிக்க வையுங்கள்.

ஆனைமுடி 2695 மீட்டர். தரவில் சற்றுக் குறைந்தால் பயமில்லை, 30 மீட்டர் கட்டத்தின் சராசரியில் உச்சி மழுங்கும். யூகலிப்டஸ் தோட்டங்களில் மர உயரமும் கொஞ்சம் சேர்ந்தே வரும். ஆகவே இந்த மேப்பை வைத்து ஒரு லயம் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) நிலச்சரிவுக்குத் தப்புமா என்று யாருக்கும் சொல்லக் கூடாது. 2020இல் பெட்டிமுடி நிலச்சரிவைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படிப்பென்றால் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (புவித் தகவலியல்), பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். காமர்ஸ் எடுத்திருந்தால் புவியியல் பட்டம், பிறகு ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸில் முதுகலை. எதுவானாலும் பைத்தான் என்ற கணினி மொழி கூடவே வேண்டும். டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனமான ஐஐஆர்எஸ் நடத்தும் இலவச ஆன்லைன் வகுப்புகளில், தகுதியைப் பார்த்துக்கொண்டு சேரலாம்.