நெறி கட்டுறதும் நிணநீரும்

கேள்வி: எங்க அத்தைக்கு வயசு 61. ரெண்டு வருஷமா இடது கால் மட்டும் வீங்குது, காலைல எந்திரிக்கும்போது கொஞ்சம் வடிஞ்சிருக்கும், சாயந்திரம் மறுபடி ஏறிடும். டாக்டர் 'லிம்பாட்டிக் பிரச்சனை'ன்னு சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தாரு, வெளிய ஒரே கூட்டம், அதுக்கு மேல கேக்க முடியல. லிம்பாட்டிக்னா என்னங்க? கெட்ட நீரா? ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துட்டா சரியாகுமா?
- ஒரு வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: கெட்ட நீர் இல்லம்மா, முதல்ல அத்தைகிட்ட அதைச் சொல்லுங்க, பாவம் பயந்து போயிருப்பாங்க. லத்தீன்ல லிம்ப்னா தெளிஞ்ச தண்ணி, நம்ம பாடப்புத்தகத்துல நிணநீர்னு படிச்சிருப்பீங்க. லிம்பாட்டிக்னா அந்த நீரைச் சேர்ந்ததுன்னு அர்த்தம், அது ஒரு நோயோட பேரே இல்ல.

வயலுக்குத் தண்ணி பாய ஒரு வாய்க்கால், வடிய ஒரு வாய்க்கால் இருக்குல்ல, உடம்பும் அப்படித்தான். மெல்லிய ரத்தக்குழாய்ங்கள்ல இருந்து ஒரு நாளைக்கு சுமார் 20 லிட்டர் நீர் கசிஞ்சு சதைக்குள்ள போகுது, அதுல 17 லிட்டர் ரத்தத்துக்கே திரும்பிடும், மிச்சம் 3 லிட்டர் அங்கயே தேங்கிடாம இழுத்துட்டுப் போற வடிகால்தான் நிணநீர்க் குழாய். இதுக்கு இதயம் மாதிரி ஒரு பம்ப் கிடையாது, குழாய் தானே கொஞ்சம் கொஞ்சமா சுருங்கித் தள்ளணும், நடக்கும்போது கெண்டைக்கால் சதை பிழிஞ்சு ஏத்தணும், நாம மூச்சு இழுக்கிறது கூட உதவி பண்ணுது, ஏறின நீர் கீழ இறங்காம வால்வு தடுக்கும், கடைசில கழுத்தடியில போய் ரத்தத்தோட சேந்துடும்.

வழியில அங்கங்க சின்னச் சின்ன முடிச்சு இருக்கு, கிருமி வந்தா அங்கதான் மடக்கும். கால்ல முள்ளு குத்தி சீழ் வச்சா தொடை இடுக்குல நெறி கட்டுமே, அதேதான். பேரு தெரியாட்டியும் விஷயம் நம்ம பாட்டிங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

1622ல இத்தாலியில அசெல்லின்னு ஒரு டாக்டர், நல்லா சாப்பிட்ட நாயோட வயித்தைத் திறந்தப்ப குடல் பக்கம் பால் மாதிரி வெள்ளைக் கோடுகளைப் பாத்தாரு. சாப்பாட்டுக் கொழுப்பைச் சுமந்துட்டுப் போற நிணநீர் அது. நம்ம பழைய தமிழ்ல நிணம்னாலே கொழுப்புதான், பேரு எவ்வளவு பொருத்தமா அமைஞ்சிருக்கு பாருங்க, எனக்கு இதுல ரொம்ப சந்தோஷம்.

சரி, அத்தை காலுக்கு வர்றேன். வடிகால் அடைச்சாலோ கெட்டாலோ நீர் தேங்கி வீங்கும். நம்ம ஊர்ல இதுக்குத் தெரிஞ்ச காரணம் யானைக்கால் நோய், சாக்கடைத் தண்ணில வளர்ற க்யூலெக்ஸ் கொசு கடிச்சு உள்ள போற புழு நிணநீர்க் குழாய்லயே வருஷக்கணக்கா குடியிருந்து அதைக் கெடுத்துடுது, வீக்கம் ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். அதனாலதான் இந்த நோய் பரவுற இடங்கள்ல சுகாதாரத் துறை ஆளுங்க நோய் இல்லாதவங்களுக்கும் டிஇசிங்கிற புழு மாத்திரை கொடுக்கிறாங்க, உங்களுக்குக் கொடுத்தா எனக்கு ஒண்ணும் இல்லையேன்னு தூக்கிப் போடாதீங்க. ஆனா ஒத்தைக் கால் வீக்கத்துக்கு ரத்தக்குழாய் அடைப்பு, புற்றுநோய் ஆபரேஷன்னு வேற காரணமும் உண்டு, அதனால மறுபடி போய் 'எதனால வந்தது'ன்னு கேட்டே ஆகணும், கேக்கிறது உங்க உரிமை.

உறிஞ்சி எடுக்கிறது வேண்டாம். வடிகால் கெட்டிருக்க, எடுக்க எடுக்க ஊறும், ஊசி குத்தின இடத்துல கிருமி வேற போகும். தினமும் சோப்பு போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்கை ஈரம் இல்லாம துணியால ஒத்தி எடுங்க, சேத்துப்புண் இருந்தா உடனே மருந்து போடுங்க. உக்காரும்போது காலை உயரமா வச்சுக்கச் சொல்லுங்க, கணுக்காலை மேலயும் கீழயும் ஆட்டட்டும். திடீர்னு கால் சிவந்து, சூடா, குளிர்ஜுரம் வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி, ஒவ்வொரு தடவை அப்படி வரும்போதும் வீக்கம் கூடிக்கிட்டே போகும்.

கேள்வி: என் பையனுக்கு கழுத்துல நெறி கட்டி ஒரு மாசம் ஆச்சு, வலியே இல்ல. சுண்ணாம்பு தடவலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாங்க, தோலு வெந்து போகும், தேய்க்கவும் கூடாது. தொண்டை வலில வந்த நெறின்னா ரெண்டு மூணு வாரத்துல அமுங்கிடணும். ஒரு மாசம் ஆகியும் இருக்குன்னா, அதுவும் வலியில்லாம இருக்குன்னா காட்டியே ஆகணும். அந்தக் காலத்துல கண்டமாலைன்னு சொன்னாங்களே, அது பெரும்பாலும் நெறியில வர்ற டிபிதான், நெறியில ஊசி குத்தி டெஸ்ட் பண்ணினா தெரிஞ்சிடும், அதுவா இருந்தா அரசு ஆஸ்பத்திரியில மாத்திரை இலவசம், 6 மாசம் விடாம சாப்பிட்டா குணமாகும். இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.